பங்கு கேட்ட பெண்கள்: நவீன இந்தியப் புனைவில் அடையாளத் தேடல்

எங்கள் தோட்டத்துச் சாளையில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் அடியில், மஞ்சள் துணியில் சுற்றி வைக்கப்பட்ட கிரயப் பத்திரம் ஒன்றில் என் அப்பத்தாவின் பெயர் வருகிறது. பெயரோடு ‘கோம்’ என்றொரு சிறு சொல்லும் அப்பாருவின் பெயரும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பழைய ஆவணங்களைப் புரட்டிப் பழகியவர்களுக்கு அந்தச் சொல் தெரியும்: ‘இன்னாருடைய மனைவி’ என்பதைக் குறிக்கப் பத்திரம் எழுதுவோர் கையாண்ட சொல் அது, ஆணாக இருந்தால் அவ்விடத்தில் தந்தையைச் சுட்டும் ‘பின்’ வரும். கடைசிப் பக்கத்தில் அப்பத்தாவின் இடது பெருவிரல் ரேகை. அதற்குக் கீழே, ரேகை வைத்தவர் இன்னார்தான் என்று ‘அடையாளம் காட்டிய’ இரண்டு ஆண்களின் கையெழுத்து.

பெண்ணின் அடையாளத் தேடல் என்றால் என்ன என்று யாரேனும் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கடைசிப் பக்கம். தன் விரலை மையில் தோய்த்து வைத்தவள் எதிரிலேயே நிற்கிறாள். ஆயினும் அவள் அவள்தான் என்பதற்கு வேறு இருவர் சாட்சி சொன்னால்தான் பதிவு செல்லும். நவீன இந்தியக் கதைகளிலும் நாவல்களிலும் வரும் பெண்கள் பலர், இந்தச் சாட்சிகளைச் சற்று ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிப் பார்க்க முயல்கிறார்கள். அந்த முயற்சி கதையின் ஓட்டத்தையே தீர்மானிக்கும் அளவுக்கு முக்கியமாகிவிடும்போது அதை அடையாளத் தேடல் என்று விமர்சகர்கள் அழைக்கிறார்கள். கருத்து இவ்வளவுதான், கடினமானதன்று. ஆனால் இதைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பலரும் ‘நான் யார்’ என்று கண்ணாடி முன் நின்று ஒரு பெண் புலம்பும் பக்கத்தைத் தேடுகிறார்கள், அது கிடைக்காதபோது இந்த நாவலில் தேடல் ஒன்றுமில்லை என்று மூடி வைத்துவிடுகிறார்கள்.

கண்ணாடிக்குப் பதிலாக ஒரு பொருளைத் தேடச் சொல்லித்தான் நான் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். நிலம், பெயர், சன்னல், சாவிக்கொத்து, எழுதி ஒளித்து வைத்த தாள் என்று ஏதோ ஒன்று கதையில் இருக்கும். அந்தப் பொருள் தன்னுடையதா, இல்லையா என்ற கேள்வியின் வழியாகத்தான் நம் நாட்டுக் கதைகளில் பெண்கள் பெரும்பாலும் தங்களைத் தேடியிருக்கிறார்கள். இதற்குக் கொங்குநாட்டுக்காரர்கள் வெளியே எங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆர். சண்முகசுந்தரம் எழுதிய ‘நாகம்மாள்’ 1942-இல் வெளிவந்தது. தமிழ் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். கொங்குப் பேச்சு உரையாடலில் இயல்பாக ஓடும் சிறிய நாவல். கணவனை இழந்த நாகம்மாள், முத்தாயி என்ற சிறு மகளோடு, கொழுந்தன் சின்னப்பனும் அவன் மனைவி ராமாயியும் இருக்கும் கூட்டுக் குடும்பத்திலேயே வாழ்கிறாள். அவளுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. சின்னப்பனும் கொடியவன் அல்லன். இருந்தும் அவள், இறந்துபோன கணவனுக்குச் சேர வேண்டிய நிலத்தைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கிறாள். ஊர் வம்புக்காரனான கெட்டியப்பனோடு அவளுக்கு ஏற்படும் பழக்கமும், குடும்பத்துக்கு ஆகாதவர்கள் அந்தக் கோரிக்கைக்குத் தூபம் போடுவதும் சேர்ந்து கடைசியில் சின்னப்பன் உயிரைப் பறிப்பதில் போய் முடிகின்றன.

இந்தக் கதையைப் படித்த பலர் நாகம்மாளை வாயாடி என்றோ, குடும்பத்தைக் கெடுத்தவள் என்றோ சொல்லிவிட்டுப் போவதை நான் கேட்டிருக்கிறேன். அப்படிப் படிக்கவும் நாவலில் இடம் உண்டு. அவளைப் புனிதையாக்கும் எண்ணம் ஆசிரியருக்கு இருந்ததாகத் தெரியவில்லை, அதுவே நாவலின் பலம் என்பது என் எண்ணம். ஆனால் அவள் என்ன கேட்கிறாள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சோறு கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை, மகளின் கலியாணச் செலவுக்கு ஒப்புதல் கேட்கவில்லை. இவற்றையெல்லாம் கேட்டிருந்தால் கேட்பவளாகவே, அதாவது கொழுந்தன் குடும்பத்தில் ஒண்டியிருப்பவளாகவே, கடைசிவரை இருந்திருப்பாள். பங்கு கேட்டவுடன் அவள் எதிர்த்தரப்பு ஆகிவிடுகிறாள். கொங்கு வழக்கில் சொன்னால், பங்காளிகளுக்கு நடுவே ஒரு பங்காளியாக நின்றுவிடுகிறாள். ‘பங்காளி’ என்ற சொல்லை ஆண்களைக் குறிக்கவே நாம் பயன்படுத்துகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால், அவளுடைய கோரிக்கை ஊருக்கு ஏன் அவ்வளவு உறுத்தியது என்பது விளங்கும்.

அந்தக் காலத்துச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நாவல் இன்னும் கூர்மையாகிறது. 1937-இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தில் இறந்த கணவனுக்கு இருந்த உரிமையை, அவனுடைய மனைவி தன் ஆயுள்வரை அனுபவித்துக்கொள்ள வழி செய்தது. ஆனால் வேளாண் நிலம் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருந்ததால், அச்சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1941-இல் பெடரல் நீதிமன்றம் கருத்துரைத்தது. விவசாய நிலத்துக்கும் அந்த உரிமையைச் சென்னை மாகாணம் விரிவுபடுத்தியது 1947-இல். ஆக, கைம்பெண்ணுக்கு வீட்டில் பங்கு உண்டு, காட்டில், அதாவது விளைநிலத்தில், பங்கு இல்லை என்ற விசித்திரமான சில ஆண்டுகளுக்கு நடுவில்தான் நாகம்மாள் காட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். ஆசிரியர் சட்டப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. வானம் பார்த்த பூமியில் சோளமும் கம்பும் விதைத்து வாழும் ஊரில் ஒருவருடைய மதிப்பு அவர் பெயரில் இருக்கும் காட்டைப் பொறுத்தது என்பதை அவர் பார்த்து வளர்ந்திருப்பார், அது போதும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிளை நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த நாவலைச் சேர்ந்து படித்தோம். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண் ஒருவர், எல்லோரும் கெட்டியப்பனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதைப் பொறுக்காமல், “ஏனுங் டீச்சர், அந்தக் காட்ட அவ பேருக்கு எழுதிக் குடுத்திருந்தா, அவ யாருகூடப் பேசுனா என்னன்னு ஊரு போயிருக்குமுங்கல்ல?” என்று கேட்டார். அதற்கு, மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள், “காடு குடுத்தாலும் பேசத்தான் செய்வாங்க கண்ணு, என்ன, கொஞ்சம் மெல்லப் பேசுவாங்க” என்றார். நடத்தையைப் பற்றிய பேச்சுக்கும் சொத்துக்கும் உள்ள உறவைக் குறித்து நான் படித்த கட்டுரைகள் பலவற்றைவிட அந்த இரண்டு வாக்கியங்கள் தெளிவாக இருந்தன.

அதற்குப் பிறகு சட்டங்கள் மாறியிருக்கின்றன. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், 2005-இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம் என்று மகள்களின் உரிமை படிப்படியாக விரிந்தது. ஆனால் நம் பக்கத்தில் அண்ணன் தம்பிகளுக்குச் சாதகமாக அக்கா தங்கைகள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பத்திரத்துக்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர் இருப்பதை ஒரு நாவலாசிரியர்கூட இவ்வளவு பொருத்தமாகக் கற்பனை செய்திருக்க முடியாது. யாருக்கு விடுதலை என்பதைப் பத்திரம் சொல்வதில்லை.

நாகம்மாளிலிருந்து பின்னோக்கி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சானது. அதில் ஞானாம்பாள் ஒரு நாட்டையே ஆள்கிறாள். ஆனால் ஆண் வேடத்தில். அறிவும் நிர்வாகத் திறனும் அவளுக்கு உண்டு என்பதை மாயூரம் வேதநாயகம் பிள்ளை தாராளமாக ஒப்புக்கொள்கிறார். சேலையோடு அவளை அரியணையில் அமர்த்தத்தான் அந்தக் காலத்துக் கதைக்குத் துணிவு வரவில்லை. வேடம் தேவைப்படாத பெண் கதைக்குள் வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

வங்காளத்தில் இந்தத் தேடலை மூன்று தலைமுறைக்கு நீட்டி எழுதியவர் ஆஷாபூர்ணா தேவி. அவருடைய ‘பிரதம் பிரதிஸ்ருதி’ 1964-இல் வந்தது. ஞானபீட விருது பெற்ற முதல் பெண் எழுத்தாளர் அவர்தான், 1976-இல். சிறுமியாக மணம் செய்விக்கப்பட்ட சத்யவதி, படிப்புக்காகவும் நியாயத்துக்காகவும் வாழ்நாளெல்லாம் வீட்டோடு வாதாடுகிறாள். கடைசியில், தான் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த மகளை, தனக்குத் தெரியாமலேயே மணம் முடித்துவிட்டார்கள் என்று அறிந்தபோது குடும்பத்தை விட்டு வெளியேறிவிடுகிறாள். அடுத்த நாவலில் அந்த மகள் சுவர்ணலதாவுக்கு இருக்கும் ஆசையோ மிகச் சிறியது: கட்டப்போகும் வீட்டில் தெருவைப் பார்க்கும் ஒரு பால்கனி வேண்டும். கட்டி முடித்த வீட்டில் அது இல்லை. தாய் கல்வியைக் கேட்டாள், மகள் பால்கனியைக் கேட்டாள் என்று சொன்னால் தேடல் சிறுத்துப்போனதாகத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. வெளியே இருக்கும் உலகைத் தன் விருப்பப்படி பார்க்க ஒரு இடம் என்பது, வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே முடியும் ஒரு வாழ்க்கையில் சின்னக் கோரிக்கை அன்று. மூன்றாம் நாவலில் பேத்தி வகுள் எழுத்தாளராகிவிடுகிறாள்.

இந்தப் பால்கனியோடு சேர்த்துப் படிக்க வேண்டியது அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்னும் சிறுகதை. 1944-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர் அம்பை. 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். கதை ராஜஸ்தானின் பெரிய குடும்பமொன்றில் நடக்கிறது. அங்கே மருமகளாக வந்த தென்னிந்தியப் பெண், இருண்டு நெருக்கமாக இருக்கும் சமையலறையைச் சற்று வசதியாக மாற்றலாமே என்று மாமனாரிடம் சொல்கிறாள். மறுப்புச் சொல்லி யாரும் சண்டை பிடிப்பதில்லை. சில நாட்களில், சமையலறைக்கு வெளியே மலைகள் தெரியும் தாழ்வாரத்தின் குறுக்கே துணி காயப்போட நைலான் கயிறுகள் கட்டப்பட்டுவிடுகின்றன. அதிகாரம் பேசாமலே பதில் சொல்வது எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சியை நான் படித்ததில்லை. அந்த வீட்டின் மூத்த பெண்களோ, சமையலறைதான் தங்கள் ஆட்சி என்று நம்பி, அதன் கட்டுப்பாட்டுக்காகத் தங்களுக்குள்ளேயே போட்டியிட்டுக்கொள்கிறார்கள். அந்த ஆட்சியே அவர்களைப் பிடித்து வைத்திருக்கும் கட்டு என்பதையும் கதை காட்டுகிறது. பெரிய பண்ணையத்துக் குடும்பங்களில், குதிர் இருக்கும் அறையின் சாவி மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்கு மாறிய நாளைப் பற்றிப் பெருமையாகப் பேசக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை ராஜஸ்தானில் நடப்பதாகவே தோன்றாது.

இனிப் பெயர். சசி தேஷ்பாண்டேவின் ஆங்கில நாவல் ‘தட் லாங் சைலன்ஸ்’ 1988-இல் வெளியாகி, 1990-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் நாயகி ஜெயா. வெற்றி என்று பொருள்படும் அந்தப் பெயரைத் தந்தை வைத்தார். திருமணத்தின்போது கணவன் மோகன் அவளுக்குச் சுகாசினி என்று புதிய பெயர் சூட்டுகிறான். அவள் எழுதும் பழக்கமுடையவள். மனைவியின் மனத்தை எட்டத் தெரியாத ஓர் ஆணைப் பற்றி அவள் எழுதிய கதை அச்சானபோது, படிப்பவர்கள் தன்னைத்தான் நினைப்பார்கள் என்று கணவன் வருந்துகிறான். அவள் அத்தகைய கதைகளை எழுதுவதை நிறுத்திவிடுகிறாள். யாரும் பேனாவைப் பிடுங்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. நாவல் முழுவதும் அவள் தன் மௌனத்தில் கணவனின் பங்கு எவ்வளவு, தன் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறாள். தன்னையும் குற்றவாளியாக நிறுத்தும் அந்த நேர்மை இல்லாவிட்டால் இது வெறும் புகார்ப் பட்டியலாகியிருக்கும்.

திருமணத்தில் பெண்ணின் பெயரையே மாற்றும் வழக்கம் மராட்டியப் பக்கத்தில் உண்டு. நம் பக்கத்தில் பெயர் அப்படியே இருக்கும், முன்னெழுத்து மாறும். கொங்கு வேளாளர்களிடையே கூட்டமும், அதாவது குலப்பிரிவும், மாறும்: பிறந்த கூட்டத்தின் குலதெய்வத்தைக் கும்பிட்டு வளர்ந்தவள், மணத்துக்குப் பின் கணவன் கூட்டத்துக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போவாள். பின்னர் ஊர் வாயில் அவள் ‘இன்னார் ஊட்டுக்காரி’, பிள்ளை பிறந்தால் ‘இன்னார் அம்மா’. இவற்றில் பாசமும் இருக்கிறது என்பதை மறுக்கக்கூடாது. பாசத்தோடு அழைக்கப்படும் பெயரை உதறுவது, திட்டி அழைக்கப்படும் பெயரை உதறுவதைவிடக் கடினம். இந்தக் கதைகளின் பெண்கள் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ சிறுகதையில் பெயர் இன்னொரு வேலையைச் செய்கிறது. 1970-களின் நக்சல்பாரிக் கிளர்ச்சிப் பின்னணியில் தேடப்படும் சந்தால் பழங்குடிப் பெண்ணுக்குத் திரௌபதி என்றும் தோப்தி என்றும் இரண்டு வடிவங்களில் பெயர் வருகிறது; ஒன்று மேல்சாதி இதிகாசத்தின் பெயர், மற்றது அவளுடைய மக்களின் நாவில் படிந்த பெயர். காவலில் கூட்டு வன்முறைக்கு உள்ளான பிறகு அவள், மூடிக்கொள்ளக் கொடுத்த துணியை மறுத்து, அப்படியே அதிகாரியின் முன் வந்து நிற்கிறாள். இதிகாசத் திரௌபதிக்குச் சேலை வளர்ந்துகொண்டே போனது. இவளுக்கு அருள் செய்ய யாரும் வரவில்லை, இவள் வேண்டவும் இல்லை. ஆயுதமற்ற ஒருத்தியின் முன் அந்த அதிகாரி முதல்முறையாக அஞ்சுகிறான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பெண்ணின் அடையாளத் தேடல் என்ற தலைப்பில் நெடுங்காலம் பேசப்பட்டவை பெரும்பாலும் படித்த, நகர்ப்புற, மேல்சாதிக் குடும்பத்துப் பெண்களின் கதைகளே. ஜெயாவின் மௌனமும் தோப்தியின் மறுப்பும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடும் என்று எண்ணுவது பிழை. பாமாவின் ‘கருக்கு’ (1992) தன்வரலாற்று எழுத்து. அதில் பெண் என்பதோடு தலித் என்பதும், கிறித்தவர் என்பதும், கன்னிமடத்தை விட்டு வெளியேறியவர் என்பதும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வருகின்றன. எந்த இழையைத் தனியாக உருவினாலும் மற்றவை அறுந்துபோகும். ப. சிவகாமியின் நாவல்களையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும்.

பெருமாள்முருகனின் இரண்டு நாவல்கள் இந்த எச்சரிக்கையைக் கொங்கு மண்ணுக்கே கொண்டுவருகின்றன. ‘பூக்குழி’ (2013) நாவலில் வேறு சாதிப் பையனை மணந்து அவனுடைய ஊருக்கு வரும் சரோஜாவிடம், மாமியாரும் உறவும் ஊரும் கேட்பது ஒரே கேள்விதான்: நீ என்ன சாதி? அவள் யார் என்று தேடுவது இங்கே அவளல்லள், ஊர். கிடைக்கும் விடை அவள் உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்பதால், சொல்லாமல் இருப்பதே அவளுக்குப் பாதுகாப்பாகிறது. தன்னைக் கண்டடைவதை எப்போதும் விடுதலையாகவே பார்க்கும் வாசகர் இந்த இடத்தில் தடுமாறுவார், தடுமாறட்டும். ‘மாதொருபாகன்’ (2010) எழுப்பிய சர்ச்சையும், 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளருக்கு ஆதரவாக அளித்த தீர்ப்பும் பலர் அறிந்தவை. அதனாலேயே நாவலுக்குள் இருக்கும் பொன்னாவை நாம் மறந்துவிட்டோம். கணவன் காளி அவளை உயிராக நேசிக்கிறான். அவளுக்குக் காடு உண்டு, மாடு உண்டு, உழைக்கக் கை உண்டு. குழந்தை இல்லாத ஒரே காரணத்தால் நல்ல காரியங்களில் அவள் கை படுவதை ஊர் விரும்புவதில்லை. நாகம்மாளுக்கு மறுக்கப்பட்டது நிலம்; நிலமெல்லாம் இருந்தும் பொன்னாவுக்கு ஊரில் இடம் இல்லை. நூலகத்தில் அந்த வயதான அம்மாள் சொன்னது எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது இந்த நாவலைப் படித்தபோதுதான்.

சண்முகசுந்தரமும் பெருமாள்முருகனும் ஆண்கள்தாமே, ஆண்கள் எழுதியதைப் பெண்ணின் தேடல் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று மாணவிகள் கேட்பதுண்டு. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு. மேலே சொன்ன ஆண்களின் நாவல்களில் ஊர் பெண்ணை என்ன செய்கிறது என்பது அகலமாகத் தெரிகிறது. அம்பையிடமும் தேஷ்பாண்டேயிடமும், அந்தப் பெண் தனக்குத் தானே என்ன செய்துகொண்டாள் என்பது நெருக்கமாகத் தெரிகிறது. நான் பின்னதையே அதிகம் விரும்புகிறவள். முன்னது இல்லாமல் பின்னதைப் புரிந்துகொள்ள முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

முடிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டை விட்டு வெளியேறுவதே இந்தத் தேடலின் உச்சம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சத்யவதி வெளியேறினாள், ஜெயா வெளியேறவில்லை, இனிப் பேசுவது என்று முடிவெடுக்கிறாள். கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் ‘ரேத் சமாதி’யில், கணவன் இறந்தபின் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்ட எண்பது வயது மூதாட்டி ஒருநாள் எழுந்து, கடைசியில் நாட்டின் எல்லையையே கடந்து போகிறாள், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2022-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. இளமையில் தொடங்கினால்தான் தேடல் என்ற கணக்கையும் அது கலைத்துப் போட்டுவிட்டது.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் ‘நாகம்மாளை’ முதலில் எடுக்கலாம். ஓரிரு நாளில் முடிந்துவிடும், பேச்சும் நம் பேச்சு. படிக்கும்போது கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அவளை என்னென்ன சொல்லி அழைக்கிறார்கள், அவள் எந்தெந்த இடத்தில் ‘என்’, ‘எனக்கு’ என்று பேசுகிறாள் என்று ஓரத்தில் குறித்து வாருங்கள். பிறகு அம்பையின் கதைக்குப் போய் அதே பென்சிலோடு அந்தக் கயிறு கட்டப்படும் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.